கப்பல் புறப்படும் நாளில்

சென்னையிலிருந்து மூன்று நாள் உல்லாசக் கப்பலுக்குப் பதிவு செய்திருந்தோம். "முந்தின நாளே போயிருவோம். கப்பல் என்ன செங்கோட்டை பஸ்ஸா, கையைக் காட்டி நிப்பாட்டுததுக்கு?" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் மதுரையில் விமானம் ஏறினால் பதினொரு மணிக்குச் சென்னை. கப்பல் புறப்படுவதோ சாயங்காலம். இடையில் எதற்கு ஓர் இரவு ஓட்டலில் போய்ப் படுக்க வேண்டும்?

விமானம் மதுரையிலேயே ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டது. நாங்கள் துறைமுகத்தை அடைந்தபோது கப்பல் தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

தென்காசிக்குத் திரும்ப எனக்கு முகமில்லை. தெருவே திரண்டு வழியனுப்பியிருந்தது. கப்பலில் குமட்டினால் மோந்து பார்க்கச் சொல்லி எதிர்வீட்டு அண்ணாச்சி புளியங்குடி எலுமிச்சம்பழம்கூடக் கொடுத்திருந்தார். ஆகவே மீதி நாட்களைக் குற்றாலத்தில் அறை எடுத்து ஒளிந்து கழிப்பது என்று முடிவு செய்தேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத் தூரத்தில் அறை எடுத்த ஒரே தென்காசிக்காரன் நானாகத்தான் இருப்பேன். சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியே விடியுமுன் அங்கேதான் குளிக்க வரும் என்பது மட்டும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே வந்தால், தலையில் எண்ணெய் வழிய எதிர்வீட்டு அண்ணாச்சி நிற்கிறார்.

"என்ன தம்பி, கப்பல் இங்கனயா வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள், தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்:

"ஆமா அண்ணாச்சி. இந்தத் தடவை முந்தின நாளே வந்துட்டோம்."