படகுக்கும் ஒரு பங்கு

"அந்த டிரஸ்டுக்கு வர்ற காசெல்லாம் சம்பளத்துக்கே போவுதாம்க்கா."

பொன்னேரி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்தச் சம்பளம் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. ஏரிக்கரைத் தோணிரேவில் அந்த டிரஸ்டுக்காக மீனவர் பிள்ளைகளுக்குத் தினமும் மாலை வகுப்பு எடுக்கிறேன். நன்கொடையில் சம்பளம் வாங்குகிறவர்கள் புதுச் செருப்பு போடக்கூட யோசிக்க வேண்டும். என்னைப் போன்ற சக பாவிகளுக்கு இது தெரிந்ததுதான்.

இறால் பை

ரேவதி மேடம் சனிக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து காரில் வந்து பாட்டு சொல்லித்தருவார். சம்பளம் கிடையாது. நல்லவர் வேறு; குறை சொல்லவும் வழியில்லை. மங்கா அக்காவின் இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் வாய்ப்பாடு படிக்கிறார்கள். ஆனால் அக்காவின் இறால் பை வாராவாரம் மேடத்துக்குத்தான் போகும். ஒருநாள் நான் பையையே பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா கவனித்துவிட்டார்.

"இன்னா டீச்சர் பாக்குறே? அவங்க சும்மா வர்றாங்க. உனக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களே!"

படகு

ஏரிக்கரையில் மங்கா அக்காவின் வீட்டுக்காரர் மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பங்கு. அப்புறம் வலைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று. 'சேவை செய்ய வந்த உனக்கு எதுக்குப் பங்கு?' என்று படகை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதன் மேலும் பொறாமை வந்தது. "படகுக்குமா அண்ணா?" என்றேன்.

"பின்னே? ஓட்டை வுழுந்தா உங்க டிரஸ்டா வந்து அடைக்கும்?"

பொன்னாடை

ஒரு சனிக்கிழமை ஆண்டு விழா. மேடத்துக்குப் பொன்னாடை போர்த்திய நன்கொடையாளர் மைக்கில் சொன்னார்: "அடுத்த மாசத்துலேர்ந்து என் காசு சம்பளத்துக்குப் போகக் கூடாது. மேடம் மாதிரி சேவை மனசுள்ளவங்க வகுப்பைப் பாத்துக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் நானும் தட்டினேன். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மேடை ஏறி, வகுப்புச் சாவியை மேடத்திடம் கொடுத்தேன்.

பின்வரிசையில் மங்கா அக்கா எழுந்தார். "அப்போ திங்கக்கெழம யாரு தொறப்பா?"

நன்கொடையாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் சாவியைப் பார்த்தார்.

"எனக்கு சனிக்கிழமை மட்டும்தான் முடியும் சார். இவங்க சம்பளத்தை நிறுத்தாதீங்க."

நன்கொடையாளர் சரியென்று தலையாட்டினார். சாவி என் கைக்குத் திரும்பியது.

விழா முடிந்ததும் மங்கா அக்கா இறால் பையோடு என்னைத் தாண்டிப் போய், அதை மேடத்தின் காரில் வைத்தார்.