ஆட்டுச் சந்தையில் அண்ணன்

கமலவேணி என்ன வேலை பார்க்கிறாள் என்று குரும்பலூரில் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டவர்களுக்கு அவள் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். "இன்டர்நெட்ல வர்றவங்க கேக்குற முகவரியைப் பாத்து, அவங்கவங்க போக வேண்டிய பக்கத்துக்கு அனுப்பிவுடுவேன்."

"வாட்ச்மேன் மாதிரியா?"

"ஆமா" என்று விட்டுவிடுவாள். அவளுடைய அம்மா பச்சையம்மாள்தான் விடமாட்டார். "வாட்ச்மேனுக்காவது யூனிபார்ம் குடுப்பாங்க."

அப்பா அடுத்தவர் வயலில் வெங்காயம் நட்டுப் படிக்க வைத்தார். திருச்சியில் கல்லூரி, சென்னையில் ஏழு வருடக் கம்பெனி வேலை. பிறகு பெரம்பலூர் துறையூர் ரோட்டில் உரக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துச் சொந்தமாக ஆரம்பித்துவிட்டாள். வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்கள் எங்கோ இருந்தன. அவற்றுக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேலையும் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டியில் ஓடியது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கோ ஒரே வாசல். வந்தவர் கேட்கும் முகவரியைப் படித்து எந்தக் கன்டெய்னருக்கு அனுப்புவது என்று அந்த வாசலில் விதி எழுதுவதுதான் அவள் வேலை.

முதல் வாடிக்கையாளர் ஓர் இணைய ஆட்டுச் சந்தை. ஆள் ஒருவர்தான் என்பதால் விதியும் ஒன்றுதான்: யார் வந்தாலும் ஆட்டுச் சந்தைக்கு அனுப்பு. இரண்டு வருடம் நிம்மதியாக ஓடியது.

இந்தத் தை மாதம் அரியலூர் கல்யாணத் தரகர் ராசாங்கம் வந்து சேர்ந்தார். மூன்று போட்டோ ஆல்பங்களை மேசையில் வைத்தார். "இதை அப்படியே செல்லுல வர்ற மாதிரி பண்ணிக் குடும்மா." கமலவேணி பண்ணினாள். வாசலில் இரண்டாவது விதியையும் சேர்த்தாள். முகவரி '/வரன்' என்று தொடங்கினால் கல்யாணப் பக்கம். மற்ற எல்லாம் பழையபடி ஆட்டுச் சந்தை.

அவளுடைய அண்ணன் வீரமணிக்கு வயது முப்பத்தாறு. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. ராசாங்கத்தின் ஆல்பத்தில் ஆறு வருடம் இருந்தும் அவனுக்கு ஒரு போன் வந்ததில்லை. "மொத ஆளா நீ பதிவு பண்ணுண்ணே" என்றாள் தங்கை. அவன் அரிசிக் கடைத் தராசில் ஏறி இறங்கிவிட்டு வந்து, எடை என்ற இடத்தில் 71.4 என்று எழுதினான். எடையைத் தோராயமாகச் சொல்வது அவனால் முடியாத காரியம்.

மறுநாள் காலையிலேயே, அவன் எடைமேடையில் இருக்கும்போது போன் வந்தது. பெண் குரல்.

"எழுபத்தோரு கிலோ நானூறு கிராமா? நெசமாவா?"

"நெசந்தாங்க. தராசுல நின்னு பாத்தது."

"என்ன தீனி?"

பெண் வீட்டில் இதைக்கூடக் கேட்கிறார்களே என்று வீரமணிக்கு மகிழ்ச்சி. "காலையில இட்லிங்க. மதியம் சோறு. ராத்திரி ரெண்டு சப்பாத்தி."

"தடுப்பூசி?"

"ரெண்டு டோஸும் போட்டாச்சுங்க."

"சரிங்க… போட்டோவுல நீங்கதான நிக்கிறீங்க. ஆடு எங்க?"

நடந்தது இதுதான். கல்யாணப் பக்கத்தின் 'பதிவு செய்' பொத்தான், நிரப்பிய படிவத்தை '/வரன்/பதிவு' என்று அனுப்பாமல் வெறும் '/பதிவு' என்று அனுப்பியது. வாசல் பார்த்தது. முன்னால் வரன் இல்லை. எனவே ஆட்டுச் சந்தை. இரண்டு படிவங்களையும் கமலவேணி ஒரே அச்சில் வார்த்திருந்ததால் ஆட்டுச் சந்தையும் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. ஆடுகளுக்கு வயது மாதக் கணக்கில். ஆகவே கிடா எண் 4127: வயது 36 மாதம், உயிர் எடை 71.4 கிலோ, நிறம் மாநிறம், குணம் அமைதி. வெளியிடுவதற்கு முன் அவள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. உள்ளேயே கன்டெய்னரில் நேராகச் சோதித்தாள். வாசல் வழியாக ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை.

தான் பதிந்தது கல்யாணத்துக்கு என்று வீரமணி சொன்னதும் போனில் வந்த சிரிப்பு, பின்னால் நின்ற இரண்டு லாரிகள் ஹாரன் அடிக்கும்வரை ஓயவில்லை. சிரித்தவள் சுமதி. செந்துறைப் பக்கம் அம்மா பொன்னுத்தாயோடு நாற்பது ஆடு வளர்ப்பவள். அன்று சாயங்காலம் அவளே மறுபடி கூப்பிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பொன்னுத்தாயே கமலவேணியிடம் பேசினார்.

"தப்பா வந்து வுழுந்த வெவரம்னு சுமதி சொன்னா. இருக்கட்டும்மா. இவளுக்கு ஒம்போது இடம் பாத்தேன், கல்யாணக் கம்பெனியில. ஒம்போதும் பொய். ஒருத்தன் வழுக்கைக்குத் தொப்பி. ஒருத்தன் படத்துல இருக்குறதே அவன் தம்பி. ஆட்டுச் சந்தையில அதெல்லாம் நடக்குமா? எடையைக் கூட்டிச் சொன்னா தூக்கிப் பாத்துடுவோம்ல. எந்தம்பி அங்கமுத்து ஆட்டு யாவாரி. அவன் பாத்துச் சரின்னாத்தான் நாங்க கெளம்புவோம். ஞாயித்துக்கெழம காலையில செல்லுல அந்தச் சந்தையைப் பாக்குறேன்னுருக்கான்."

சனிக்கிழமை ராசாங்கம் உரக்கடை மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார். "ஏம்மா, எம் மாப்பிள்ளைங்க ஏழு பேரு ஆட்டோட ஆடா நிக்கிறாங்க! ஒருத்தனை ரெண்டு பேரு வெல கேட்டுட்டாங்க! இன்னிக்கே வெளியில கொண்டாரலைன்னா நான் ஆல்பத்துக்கே போயிடுறேன்."

பத்து நிமிட வேலைதான். பொத்தானைத் திருத்தினாள். ஏழு பேரின் விவரத்தையும் கல்யாணப் பக்கத்தில் ஏற்றினாள். அந்த ஏழு ஆட்டு முகவரிகளையும் யாராவது தேடி வந்தால் கல்யாணப் பக்கத்துக்கு அனுப்பும்படி வாசலில் ஏழுக்கும் சேர்த்து ஒரே விதி எழுதினாள்.

அரை மணி நேரத்தில் பொன்னுத்தாய் கூப்பிட்டார். "ஏம்மா, அதே இடத்தைத் தொட்டா மாலை வருது, மேளம் வருது. இதுவும் கல்யாணக் கம்பெனிதானா? எந்தம்பி இதைப் பாத்தான்னா செருப்பைக்கூட மாட்ட மாட்டான்."

கமலவேணி ராசாங்கத்தைப் பார்த்தாள். "ஐயா, ஆறு பேரு வெளியில வந்தாச்சு. ஏழாவது எங்கண்ணன். அது உள்ளயே இருக்கட்டும்."

"ஒருத்தருக்கு மட்டும் தனி விதி போட முடியுமா?"

"முகவரி எழுத்துக்கு எழுத்து '/கிடா/4127'ன்னு வந்தா மட்டும் ஆட்டுச் சந்தை. ஒரு வரிதான்."

ராசாங்கம் ஆல்பத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆறு வருஷம் என்கிட்ட நின்னவன். ஆட்டோட நாலு நாளு நின்னதுக்கு எடம் அமையுது…" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆறு பேரையும் உள்ளயே வுட்டுருக்கலாமோ?"

ஞாயிறு பத்தரை மணிக்குக் குரும்பலூரில் வேன் வந்து நின்றது. முதலில் அங்கமுத்து இறங்கினார். அடுத்து இறங்கியது ஒரு தராசு. பொன்னுத்தாயும் சுமதியும் அதற்குப் பின்னால்.

வீரமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி நின்றான். அங்கமுத்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"எழுபத்திரண்டு புள்ளி ஒண்ணு."

வீரமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. எடைமேடையில் எழுநூறு கிராமுக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே ஒரு கல்யாணமே அதில் நின்றது. கமலவேணி அம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மாள் தரையைப் பார்த்தார்.

"ஒம்போது இட்லி" என்றார் கடைசியில். "பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்களே, தெம்பா இருக்கட்டும்னு."

அங்கமுத்து அக்காவிடம் திரும்பினார். "ஏறித்தான் இருக்கு, எறங்கலக்கா. வளக்குறவங்க கை நல்ல கை."

சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பங்குனியில் கல்யாணம். ராசாங்கம் தரகர் என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். வாசலில் அந்த ஒரு வரி இன்னும் இருக்கிறது; அதன் மேல் 'இதை எடுக்காதே' என்று கமலவேணி குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். ஆட்டுச் சந்தையில் ஒரு விளம்பரத்தின் நிலையை இரண்டே விதமாகத்தான் மாற்ற முடியும். கல்யாணத்துக்கு மறுநாள் சுமதியே நாத்தனாரின் லேப்டாப்பை இழுத்து வைத்து மாற்றினாள். இப்போதும் அந்த முகவரிக்குப் போனால் வீரமணி கைகட்டி நிற்கிறான். கீழே சிவப்பு எழுத்தில்: விற்றுவிட்டது.