மூன்று ஓலை

சத்தியபாய் வாயைத் திறந்தால் நாகர்கோவில் செட்டிக்குளம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மாடியிலிருந்து கீழே சாயாக்கடை வரைக்கும் கேட்கும் என்பது மட்டும் நிஜம். தக்கலைக்காரி. தகப்பனார் தன் அம்மாவின் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டதால், இருபத்தாறு வயதில் அறுபது வயதுப் பெயரைத் தூக்கிக்கொண்டு 2004-இல் அந்த மாடிப்படி ஏறினாள்.

அமெரிக்காவில் இருக்கும் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லி வைப்பதை, இங்கே ஹெட்போன் மாட்டிக் கேட்டு, பிசகில்லாமல் டைப் அடித்து அனுப்புகிற வேலை. காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "வீட்டுக்கும் இப்படி ஒரு பெடல் கிடச்சா கொள்ளாம்" என்று அவள் சொன்னதைக் கேட்டு, அவளுடைய வாயைப் பற்றித் தெரிந்த எல்லோரும் அந்தப் பெடல் அவள் கணவருக்குத்தான் தேவை என்று சிரித்தார்கள்.

ஐந்து வருஷத்தில் பதினோரு பேருக்கு டீம் லீடர் ஆனாள். அடுத்த வருஷமே ஒரு சங்கடம் வந்தது. ஒரு பெண்ணுக்கு இந்த வேலை பிடிபட இரண்டு வருஷமாவது வேண்டும். பிடிபட்டு முடிகிற சமயத்தில்தான் கல்யாணம், பிரசவம், வீட்டில் ஒரு நோயாளி என்று ஏதாவது ஒன்று வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். 2010-இல் குளோரி ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள். மண்டைக்காட்டை ஒட்டிய கடற்கரை ஊர்க்காரி. கணவன் ஆன்றோ மஸ்கட்டில் வேலையில். அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள், பார்க்க வேறு ஆள் இல்லை. டீமில் இருந்த பதினோரு பேரில் அவளுக்கு இருந்த காது வேறு யாருக்கும் கிடையாது.

சத்தியபாய் அந்தக் கடிதத்தை வாங்கி மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். முதலாளி செல்வதாஸிடம் போய் மூன்று வாரம் அவர் தலையைத் தின்றாள். பிராட்பேண்ட் அப்போது கடற்கரை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. கடைசியில் அவர் இறங்கி வந்தார். குளோரியும் இன்னும் நாலு பெண்களும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அலுவலகத்துக்கு வர வேண்டும். அந்த இரண்டு நாளும் குளோரியின் சித்தி வந்து அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடாயிற்று.

இரண்டு வருஷம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. 2012 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புகார் வந்தது. நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளை அதுவரை ரிப்போர்ட்டின் கடைசியில் போட்டு வந்தார்கள். இனிமேல் முதல் வரியில், தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். முப்பத்தெட்டு ரிப்போர்ட் பழைய மாதிரியே போயிருந்தது. முப்பத்தெட்டும் வீட்டிலிருந்து செய்தவர்களுடையது. அதில் பதினேழு குளோரியுடையது.

இரண்டு பஸ் மாறி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாடியேறி வந்த குளோரியைப் படி முகப்பிலேயே சத்தியபாய் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கண்ணை எங்க வச்சிட்டு வேலை பாத்தே? அலர்ஜி முதல் வரியில வரணும்னு புதன்கிழமையே சொன்னேனா இல்லியா?"

"யாருகிட்டக்கா சொன்னிய?" என்றாள் குளோரி. "புதன்கிழமை நான் வீட்டுலயாக்கும் இருந்தேன்."

"எல்லாருகிட்டயும்தான் சொன்னேன்!"

பின்னாலிருந்து ஜெப்சன் மெதுவாகச் செருமினான். அலுவலகத்திலேயே இருந்து வேலை செய்யும் ஆறு பேரில் ஒருவன். வீட்டில் இருப்பவர்களுக்குச் சுகவாழ்வு என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "அக்கா, நீங்க நாலு மணிக்கு சாயா குடிக்கும்போ சொன்னிய. கையில பழம்பொரி இருந்து."

சத்தியபாய் தன் மெயிலைத் திறந்து தேடினாள். புதன்கிழமை அவள் யாருக்கும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எழுதுவது அவளுக்கு எப்போதும் வேம்பு. இருக்கிற ஆறு பேரைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். மண்டைக்காடு வரைக்கும் அவள் சத்தம் கேட்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லோர் முன்னாலும் கத்தியாயிற்று; ஆகையால் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்க தப்புதான் மக்கா. நீ உள்ள போயி இரு" என்றாள். முகம் எரிந்தது.

செல்வதாஸ் அதற்குள் முடிவே செய்துவிட்டிருந்தார். வீட்டில் இருப்பவர்கள் அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் அலுவலகத்துக்கு வர வேண்டும், முடியாதவர்கள் நின்றுகொள்ளலாம். குளோரிக்கு அதன் அர்த்தம் என்னவென்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"தப்பு அவங்களுக்கது இல்ல சார். நான் அவங்களுக்குச் சொல்லல."

"அப்பம் நான் சொல்லது சரிதானே சத்யா? எல்லாரும் கண்ணு முன்னால இருந்தா நீ சொன்னது கேட்டிருக்கும். தப்பும் வந்திருக்காது."

உண்மையைச் சொன்னால் குளோரி தப்பிப்பாள் என்று நினைத்து வந்தவளுக்கு, அந்த உண்மையே குளோரியின் கழுத்துக்குக் கயிறானது. பிறகு வீம்பு வந்தது. அவளுக்கு வீம்பு வந்துவிட்டால் பெரிய ஆயுதம் அதுதான்.

"ஒரு மாசம் தாங்க சார்."

"அவங்களைத் திருத்தவா?"

"இல்ல சார். என்னைத் திருத்த."

டைப் அடித்து வைத்திருந்த உத்தரவுத் தாளை இழுப்பறைக்குள் போட்டு, செல்வதாஸ் ஒரு மாதம் தந்தார். அடுத்த புதன்கிழமை அவள் அலுவலகம் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தானும் வீட்டிலிருந்தே டீமை நடத்துவதென்று முடிவு செய்திருந்தாள். தக்கலை வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தாள். நாள் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்த வருஷம் அது. ஆனாலும் அன்றைக்கு அவளை வதைத்தது கரண்ட் இல்லை. ஒருவரும் கூப்பிடவில்லை, ஒரு தகவலும் வரவில்லை. மத்தியானம் ஆனபோது இப்படி ஒரு ஆள் இருப்பதையே மறந்துவிட்டார்களோ என்று தோன்றியது. சாயங்காலம் வேறு எதற்கோ ஜெப்சனுக்குப் போன் செய்தபோதுதான், சனிக்கிழமை ஷிப்டை நாலு மணிச் சாயாவில் மாற்றிவிட்டார்கள் என்பது தெரிந்தது.

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?" என்று சீறினாள்.

"நீங்க இங்க இல்லியேக்கா" என்றான் அவன், ஒரு பாவமும் அறியாமல்.

குளோரி இரண்டு வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கிறாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. அதை நினைத்தபோது சத்தியபாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் ஒரு கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம், இது முதலாம் ஓலை. மூன்று ஞாயிறு இப்படி வாசித்த பிறகுதான் கல்யாணம். ஒரு வாரம் வராதவன் அடுத்த வாரம் கேட்பான். வாயுள்ளவன் வாய் திறக்க மூன்று தடவை இடம் உண்டு. பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற சங்கதிதான். அன்றைக்கு அவள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை சட்டம் வந்தது. வேலையில் எந்த மாற்றமானாலும் மூன்று ஓலை. முதலாவது மெயிலில். இரண்டாவது, மறுநாள் காலை எல்லோரும் ஸ்கைப்பில் கூடும்போது வாயால். மூன்றாவது, அதற்கடுத்த நாள் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் தடை உண்டா என்று கேட்க வேண்டும். பதினோரு பேரும் கேட்டாயிற்று என்று சொன்ன பிறகுதான் மாற்றம் நடப்புக்கு வரும். அவசரமென்றால் ஒரே நாளில் மூன்றையும் வாசிக்கலாம். ஆனால் மூன்றில் ஒன்று குறையக் கூடாது. நாலு மணிச் சாயாவில் வேலைப் பேச்சே கிடையாது. பேசினவர் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தர வேண்டும். முதல் வாரத்தில் மூன்று நாள் வாங்கித் தந்தது சத்தியபாய்தான்.

"மாப்பிள்ளை யாருக்கா?" என்று கேலி பண்ணினான் ஜெப்சன். "சிரிலே, நல்லா சிரி. சிரிச்சு முடிச்சிட்டு கேட்டேன்னு மெயில்ல போடு" என்றாள். எழுத வேம்பாக இருந்தவள் நோட்டு ஒன்று போட்டு, ஒவ்வொரு ஓலைக்கும் மூன்று கட்டம் கிழித்து, நாளும் நேரமும் எழுதினாள். எந்த ஊரில் எப்போது கரண்ட் போகும் என்றும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். நாகர்கோவில் இருண்டிருக்கும் நேரத்தில் வேலை மண்டைக்காட்டுக்குப் போயிற்று; மண்டைக்காடு இருண்டால் தக்கலைக்கு வந்தது.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்காரர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நோயாளி ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்துகளின் பட்டியலை இனி ரிப்போர்ட்டில் போட வேண்டாம் என்றது. வேலை குறைகிறதே என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் ஓலையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஓலையில் ஸ்கைப்பில் குளோரியின் குரல் வந்தது. பின்னால் அவள் அம்மா இருமுவதும் கேட்டது.

"அக்கா, எனக்கொரு தடை உண்டு. நம்ம டாக்டர்மாரு அந்தப் பட்டியலை வச்சாக்கும் பேச்சையே தொடங்குகது. இது வேற ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மெயிலா இருக்குமோ? ஒண்ணு கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். மறுநாள் பதில் வந்தது: மன்னிக்கவும், இது வேறு இடத்துக்குப் போக வேண்டிய கடிதம். அதைப் படித்துவிட்டு ஜெப்சன் வெகுநேரம் பெடலை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தான்.

மாதம் முடிந்தது. ஒரு தவறும் இல்லை. ஆனால் செல்வதாஸ் ஒரு தடவை டைப் அடித்ததைக் கிழிக்கிற ஆள் இல்லை. "ஒரு மாசம் விழுந்து விழுந்து பாத்தே, நடந்து. எப்பவும் நடக்குமா சத்யா?" என்று உத்தரவுத் தாளோடு ஒரு புதன்கிழமை காலை வந்து நின்றார்.

சத்தியபாய்க்கு வாய்வரைக்கும் நூறு வார்த்தை வந்தது. அத்தனையையும் விழுங்கினாள். "சரி சார். இதுவும் மாற்றம்தானே. மெயில் வேண்டாம், முதல் ஓலைய நீங்களே வாயால வாசிச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஸ்கைப்பின் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். வீட்டில் இருக்கும் ஐந்து பேரும் நாளை மறுநாளிலிருந்து தினமும் அலுவலகம் வர வேண்டும். வாசித்துவிட்டு, சர்ச்சில் கேட்கிற தோரணையிலேயே, "தடை உண்டா?" என்றார். சத்தியபாய் நோட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெப்சன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். "தடை உண்டு சார்."

"உனக்கென்னலே? நீ இங்கதானே இருக்கே?"

"அன்னைக்கு அந்த மெயில நம்பி நான் எல்லாப் பட்டியலையும் தூக்கியிருப்பேன் சார். குளோரி அக்காவாக்கும் பிடிச்சது. அவியளுக்குத் தினமும் இங்க வர முடியாது. அவிய போனா எனக்க தப்ப யாரு பிடிப்பா?"

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். பிறகு மற்ற நாலு பேரும் எழுந்தார்கள். ஸ்கைப் கொஞ்சம் இரைந்தது. "சார், குளோரி பேசுகேன்" என்று மெல்லிய குரல் வந்தது. "எனக்கும் தடை உண்டு சார்."

செல்வதாஸ் ஆறு பேரையும் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைசியாக வாயே திறக்காமல் இருந்த சத்தியபாயைப் பார்த்தார். "சரி, ரெண்டாம் ஓலை பொறவு வாசிப்போம்" என்று தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

குளோரி 2017 வரைக்கும் அந்த வேலையில் இருந்தாள். கடைசி இரண்டு வருஷம் அவளே டீம் லீடர், மண்டைக்காட்டிலிருந்தபடியே. நோட்டு இப்போதும் சத்தியபாயின் கைப்பையில், அந்தப் பழைய ராஜினாமாக் கடிதத்தோடு இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்கு நேரே முதல் கட்டத்தில் நாளும் நேரமும் எழுதி, பக்கத்தில் தடை என்று எழுதியிருக்கிறாள். அதற்கடுத்த இரண்டு கட்டமும் காலி.