ச்சீ அக்காவும் கப்பல் தலையின் முதுகும்

ச்சீ அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. வைத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கலாம். அக்கா மட்டும் குலுக்க மாட்டாள். அந்தக் கை அதற்கு முன்னால் எங்கெங்கே போய் வந்ததோ என்று யோசித்தே அவளுக்குக் குமட்டிவிடும். பேருந்தில் கம்பியைத் தொட மாட்டாள். நட்டுவைத்த கம்பம்போல் நிற்பாள். வண்டி திரும்பும்போது பக்கத்தில் நிற்பவர்மேல் போய் விழுவாள். விழுந்தவளே எழுந்து அவரைப் பார்த்து ஒரு ‘ச்சீ’ போடுவாள். பெற்ற தாய்க்குக்கூடத் தன் கைக்குட்டையைத் தந்தது கிடையாது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஊர்பேர் தெரியாத மனிதர்கள் நக்கத் தவறிய பசையை நாள் முழுக்க முகர்ந்து பார்ப்பது.

பழைய தபால்தலைகளுக்கு மார்க் போட்டுச் சான்றிதழ் தரும் அலுவலகம் அது. பள்ளிக்கூடத்தில் நாம் வாங்காத மார்க்கையெல்லாம் அங்கே காகிதத் துண்டுகள் சாவகாசமாக வாங்கிக்கொண்டு போகும். நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. மார்க் வாங்கிய தலையைச் சான்றிதழோடு ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து ஒட்டிவிடுவார்கள். பிறகு அதை யாரும் தொட முடியாது. அக்காவுக்கு அந்த வேலையில் பிடித்தது அந்த ஒரு கட்டம்தான்.

அலுவலகம் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மனிதர்களின் பல்லைக் குடைவார்கள், மேலே தபால்தலையின் ஓரத்துப் பல்லை எண்ணுவார்கள். மேலே இருந்தது மூன்றே பேர். படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, நிறம் மங்கியிருக்கிறதா என்று முன்பக்கத்தைப் பார்ப்பவர் ஒருவர். அவர் வாயில் எந்நேரமும் பிஸ்கட் ஊறிக்கொண்டிருக்கும் என்பதால் பிஸ்கட்டுக்காரர். கடைசி முத்திரை குத்துபவர் மேனேஜர். அவர் தபால்தலை பிடிக்கும் இடுக்கியாலேயே காது குடைவார். குடைந்ததை வெளிச்சத்தில் நீட்டி, அதற்கும் மார்க் போடுவதுபோல் பார்ப்பார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பின்பக்கத்துக்கு அக்கா.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. அச்சகத்தில் தடவிய பசை அப்படியே, யார் கையும் எச்சிலும் படாமல் இருந்தால் அந்தத் தலைக்குப் பெரிய மரியாதை. பசை போயிருந்தால் மரியாதையும் போச்சு. அதனால் சில புண்ணியவான்கள் பசை போன தலையைக் கழுவி, புதுப் பசை தடவி, காயவைத்து, கன்னி கழியாதது என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. முகர்வாள். விளக்கைச் சாய்த்துப் பார்ப்பாள். சந்தேகம் தீராவிட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையின் ஓரப் பற்களைத் தன் கீழுதட்டில் மெதுவாக ஓட்டுவாள். நிஜமான தலையின் பல் பஞ்சுபோல் இருக்கும். மறுபடி பசை தடவியதில் பசை பல்லுக்குள் இறங்கிக் காய்ந்து ஊசிபோல் குத்தும். உதட்டுக்குத் தெரிவது விரலுக்குத் தெரியாது. ஓட்டி முடித்ததும் ஓடிப் போய் வாயை அலம்புவாள். அலுவலகத்துத் தண்ணீர் செலவில் பாதி அவள் வாய்க்குத்தான்.

“ஏம்மா, இவ்ளோ அருவருப்புன்னா வேற வேலைக்குப் போகலாம்ல?” என்று பிஸ்கட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். கேட்டபோது இரண்டு துகள் பறந்து மேசையில் விழுந்தன.

“அருவருப்பு இருக்கறதாலதாண்ணே கண்டுபிடிக்கிறேன். நீங்க பார்த்தா எல்லாத்தையும் தின்னுடுவீங்க” என்று அக்கா அந்தத் துகள்களைக் காகிதத்தால் தள்ளினாள்.

அது உண்மைதான். அவளுக்கு அருவருப்பு என்பது நாய்க்கு மூக்கு மாதிரி. ‘பசை அசல்’ என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்டதில்லை. அந்தக் கையெழுத்தைத் தவிர அவளிடம் பெருமைப்பட வேறொன்றும் இல்லை. ஒன்று இருந்தது, அது தம்பி. ஆனால் தம்பியை வைத்துப் பெருமைப்பட்டால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

தம்பி எதிலும் தேறியதில்லை. பள்ளியில் பெயில். வண்டி ஓட்டும் பரீட்சையில், பரீட்சை வைத்தவரின் காலிலேயே ஏற்றி பெயில். இப்போது ஒரு செருப்புக் கடையில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தான். அம்மா அப்பா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவும் அவனும்தான். அவன் நெருங்கினாலே பசை நாறும். “ச்சீ, தள்ளி உக்காருடா” என்பாள். அவன் தள்ளி உட்கார்ந்துகொண்டு, “அப்புறம் இன்னைக்கு ஆபீஸ்ல என்ன அசிங்கம்க்கா?” என்று கேட்பான்.

அவ்வளவுதான், அணை உடைந்துவிடும். அன்றைக்குப் பார்த்த அசிங்கத்தையெல்லாம் அக்கா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கொட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

“ஒருத்தன் பசை தடவி அனுப்பியிருக்கான்டா, பிரஷ்ஷோட கோடு அப்படியே தெரியுது. நாய் நக்கின தட்டு மாதிரி!”

“அய்ய. அப்ப எப்படித் தடவணும்?”

“பிரஷ்ஷே ஆகாதுடா. பஞ்சுல ஒத்தி ஒத்திப் பரப்பினாத்தான் கோடு விழாது. இன்னொன்னு, பல்லெல்லாம் ஊசி. ச்சீ, என் உதட்டுல ரத்தமே வந்துருச்சு.”

“பாவம்க்கா நீ. பல்லு குத்தாம இருக்க என்ன பண்ணுவாங்க?”

“ஓரத்தை மெழுகால மூடிட்டு நடுவுல மட்டும் தடவணும். அந்த மரமண்டைங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது!”

இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று அக்கா உள்ளுக்குள் உருகியதுண்டு. உருகியது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று, “கையைக் கழுவிட்டுத் தட்டைத் தொடுடா எருமை” என்பாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வியாபாரியிடமிருந்து கப்பல் தலைகள் வர ஆரம்பித்தன. பச்சை நிறத்தில் பாய்மரக் கப்பல் போட்ட பழைய தலை. பிரஷ் கோடு கிடையாது, பல் குத்தவில்லை, வாடையும் இல்லை. அக்கா உதட்டில் ஓட்டிப் பார்த்து, ‘பசை அசல்’ என்று கையெழுத்துப் போட்டாள். அப்படிப் போனவற்றில் ஒன்று தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியது. அந்த மேசையில் அதற்குமுன் எந்தத் தலையும் அவ்வளவு வாங்கியதில்லை. மேனேஜர் காது குடைவதையே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஒரேயொரு விஷயம் மட்டும் அக்காவுக்கு உறுத்தியது. அந்தக் காலத்தில் தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க, பசை காய்ந்ததும் அதை உருளையில் விட்டு முறிப்பார்கள். பசையில் முடிபோல மெல்லிய வரிகள் விழும். கப்பல் தலையில் அந்த வரிகள் பக்கவாட்டில் ஓடும். சிலவற்றில் மங்கிப் போயிருப்பதும் உண்டு, அது குற்றமில்லை. ஆனால் இந்த வியாபாரியின் கப்பல்கள் ஒன்றில்கூட வரி இல்லை.

அன்று பார்த்து வேறொரு தலையின் பசையில் யாருடைய மூக்கு முடியோ ஒட்டியிருந்தது. அந்தக் கடுப்பில் வீட்டுக்கு வந்தவள் தம்பியிடம் பொரிந்து தள்ளினாள்: “மூக்கு முடிடா! அதையும் நான் பார்க்கணும்னு எழுதியிருக்கு. இந்தக் கப்பல் வேற, வரியே இல்லாம மொழுமொழுன்னு வருது. நல்ல கப்பல்னா மேலேருந்து கீழ வரி ஓடணும், பொடிப் பொடியா.”

மேலிருந்து கீழே இல்லை, பக்கவாட்டில். மூக்கு முடியைப் பார்த்த எரிச்சலில் வாய் தவறிவிட்டது. குளிக்கும்போது ஞாபகம் வந்தது. செருப்பு ஒட்டுகிறவனிடம் சொன்னதை யார் போய்த் திருத்திக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த முறை அந்த வியாபாரியிடமிருந்து வந்த கப்பலைத் திருப்பினாள். பொடிப் பொடியாக வரி. மேலிருந்து கீழே.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. எந்த முட்டாளுக்கு இப்படி ஒரு வரி போடத் தோன்றும்? எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கிடையாது, எந்த நிஜக் கப்பலிலும் கிடையாது. உலகத்திலேயே ஒரே ஒரு வாய்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது.

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த வாயிலிருந்து ஒரே ஒரு காதுதான் கேட்டிருக்கிறது.

ஓடிப் போய் வாயை அலம்பினாள். அலம்பி அலம்பிப் பார்த்தாள். தலையை இன்னும் உதட்டில் வைக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அருவருப்பு வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பிஸ்கட்டுக்காரரிடம் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்குப் போனாள்.

தம்பி மொட்டைமாடியில் இருந்தான். செருப்புக் கடைக்குப் போகவே இல்லை. ஒரு பழைய கதவுப் பலகைமேல் கப்பல்கள் வரிசையாக முதுகைக் காட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பஞ்சு, மெழுகு, வழுவழுவென்று ஒரு கிண்ணத்தில் பசை. அந்தக் கிண்ணம் அக்கா பல் துலக்க வைத்திருந்தது.

“ச்சீ” என்றாள்.

“அக்கா... நீ இவ்ளோ சீக்கிரம்...”

“மேலேருந்து கீழ இல்லடா. பக்கவாட்டுல.”

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் கைவைத்தான். “நீதானக்கா அப்படிச் சொன்ன!”

“நான் தப்பாச் சொன்னேன்! நான் சொன்னா செய்வியா? கைய கழுவச் சொன்னேனே, ஒருநாள் கழுவினியா?” அக்கா கிண்ணத்தை எட்டி உதைத்தாள். பசை அவள் காலிலேயே வழிந்தது. அதை உதறக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “எதுக்குடா? அந்த வியாபாரி என்ன குடுத்தான்?”

“செருப்புக் கடையில குடுக்கறதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அதுக்கு இல்லக்கா.” அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பொறந்ததுலேருந்து எல்லாத்துலயும் பெயிலு. போன மாசம் எனக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வந்துச்சு. உன் கையெழுத்தோட. அந்த உறையை அவன்கிட்ட வாங்கி ஒருநாள் முழுக்க வெச்சிருந்தேன்.”

அக்காவுக்கு அறைய வேண்டும்போலவும் இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் அசிங்கம் என்று இரண்டையும் செய்யவில்லை. ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

“எல்லாத்தையும் இதுல போடு. பசை முழுக்கப் போற வரைக்கும் நீயே கழுவு. நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வர்ற.”

மறுநாள் மேனேஜர் முழுக் கதையையும் கேட்டார். கேட்டுக்கொண்டே இடுக்கியைக் காதுக்குக் கொண்டுபோனார், பாதி வழியில் மறந்து நிறுத்தினார்.

“இந்த வரி போட்ட ஒண்ணை மட்டும் பெயில் பண்ணிட்டு விட்டுடும்மா. பழையதெல்லாம் உறைக்குள்ள பத்திரமா இருக்கு. யார் தொறந்து பார்க்கப் போறா?”

“என் பேரு உள்ள இருக்கு சார். அழுகிப்போன பல்லுக்கு மேல வெள்ளை அடிச்ச மாதிரி.”

“பழையதையெல்லாம் திரும்பக் கூப்பிட்டா உன்னை அந்த நாற்காலியில உக்கார வைக்க முடியாது. புரியுதா?”

“புரியுது சார். அதுக்கு முன்னாடி எல்லாக் கப்பலையும் நானே திரும்பப் பார்த்துடறேன். முதல்ல அந்த இடுக்கியைக் கீழ வைங்க.”

வியாபாரியின் கடை அதற்குள் பூட்டிக்கிடந்தது. ஆனால் கப்பல்களை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். உடன் வந்த வசவுகளை மேனேஜர் தொலைபேசியில் வாங்கிக்கொண்டார், பிஸ்கட்டுக்காரர் வாய் பார்த்தபடி பிஸ்கட்டை டீயில் நனைக்க மறந்தார். தம்பி மேசை ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து தன் வேலையை அடையாளம் காட்டினான். “இது என்னுது. இதுவும். இது... இது ரொம்ப நல்லாருக்கு, என்னுதாத்தான் இருக்கும்.”

அக்கா விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். “கெட்ட கேட்டுக்கு ஆசையைப் பாரு. இது வேற ஒருத்தர் குடுத்ததுடா, நெஜம். வரி பக்கவாட்டுல ஓடுது பாரு.”

கடைசியாக வந்தது அந்தத் தொண்ணூற்றெட்டு. அவன் அதை எடுத்துக் கொடுக்காமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்.

“இதை மட்டுமாவது விட்டுடேன்க்கா.”

அக்கா கையை நீட்டினாள். நீட்டிய கை இறங்கவில்லை. அவன் வைத்தான். உறையின் ஓரத்தில் கத்தியை விட்டாள், பிளாஸ்டிக் சடக்கென்று விட்டுக்கொண்டது. ‘பசை அசல்’ என்ற தன் எழுத்தை அடித்து, கீழே ‘பசை மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மார்க் இருந்த இடத்தில் ஒரு கோடு. அதன் பிறகு பேனாவை மூடி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். இனி அந்த நாற்காலியில் வேறு யாரோ.

தம்பி அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல், மூக்கு மட்டும் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அதைச் சட்டைக் கையால் இழுத்துத் துடைக்கப் போனான்.

“ச்சீ!”

அவன் பயந்து கையை இறக்கினான். அக்கா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். பிஸ்கட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். தம்பி அதில் மூக்கை நன்றாகச் சிந்தினான், இரண்டு பக்கமும். சிந்திவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கசக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“குடு” என்று அக்கா அதை வாங்கி, நான்காக மடித்து, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.