ஒரே கையெழுத்து

ஜப்பான்காரன் மலாக்காவை ஆண்ட இரண்டாம் வருடம். எங்கள் ஆங்கிலப் பள்ளி மூடிக் கிடந்தது; ஆங்கிலம் கற்பிக்கத் தடை. ஆங்கிலம் கற்பித்த நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு பகலில் காஜா பெராங் பகுதியில், எங்களில் மூத்த ஆசிரியரின் வீட்டில் கூடுவோம். மேசையில் ஜப்பானிய மொழிப் புத்தகங்கள் விரிந்திருக்கும். அதைப் படிப்பதாகப் பெயர். உண்மையில் ஒருவர் ஆங்கிலப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் குறை சொல்வோம். பள்ளி திறக்கிற நாளில் துருப்பிடித்த வாத்தியார்களாகப் போய் நிற்கக்கூடாது என்பது எங்கள் தலைவரான அந்த மூத்தவரின் பிடிவாதம். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு இலக்கணம் பேசிய கூட்டம் ஊரில் அது ஒன்றுதான்.

நான் செயலாளர். வயது இருபத்திரண்டு. கூட்டம் என்றால் கூட்டக் குறிப்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"எழுது தம்பி. ஆனா யார் பேரும் வேணாம். நோட்டு என் வீட்டுலயே இருக்கட்டும்" என்றார் தலைவர்.

செயலாளரிடம் இருக்கவேண்டிய நோட்டைத் தலைவர் வைத்துக்கொள்வது முறையல்ல என்று என் ஆட்சேபத்தை அதே நோட்டில் பதிவு செய்தேன். அவர் சிரித்தபடி அதன் கீழும் கையெழுத்திட்டார்.

ஒரு ஞாயிறு, நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே ராணுவ போலீஸ் உள்ளே வந்தது. அதிகாரி, ஆங்கிலத்தில் நான் எழுதிய நோட்டைப் புரட்டினான். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழர். தலை நிமிராமல் கேட்டார்.

"செக்ரட்டரின்னு போட்டிருக்கே, அது யாரு?"

"நான்தான். தலைவரும் நான்தான். இவங்க ஜப்பான் பாஷை படிக்க வந்தவங்க" என்றார் தலைவர்.

அதிகாரி அவரை ஒரு வரி எழுதச் சொன்னான். அச்சு அசலாக நோட்டில் இருந்த அதே கையெழுத்து. இருக்காதா? பயிற்சி வகுப்பில் ஒரே காப்பி எழுத்துப் புத்தகத்தில் அதே சாய்வு, அதே சுழி என்று பிரம்படி வாங்கிப் பழகிய கைகள் எங்களுடையவை. என் விரலில் மை காயவில்லை. கையை மடக்கிக்கொண்டேன். அவரைக் கொண்டுபோனார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். வலது கை விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. போர் முடிந்து பள்ளி திறந்ததும், கரும்பலகையில் மாணவர்களை எழுதவைத்து, ஓய்வு பெறும்வரை வாயாலேயே பாடம் நடத்தினார். அவருடைய ஓய்வூதியப் படிவங்களை நான்தான் நிரப்பினேன். ஒரு பிழை இல்லை.

போருக்குப் பின் எங்கள் முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனேன்.

"செக்ரட்டரி, நோட்டு எங்கலா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கடைசியில், ஒரு தாளில் நான் எழுதிய குறிப்பின் கீழ் இடது கையால், முதலாம் வகுப்புப் பிள்ளை போலக் கையெழுத்திட்டார். அந்தப் பழைய நோட்டை எழுதியது நான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்றும் என் கையெழுத்து அழகு என்று யாராவது சொன்னால், அன்று போலவே விரல்களை மடக்கிக்கொள்கிறேன். என் விரல்கள் நன்றாகவே மடங்குகின்றன.