உளவாளி ஓட்டின வள்ளம்

இவருக்குப் பேச்சு நிண்டுபோய் நாலாம் மாசம் கனடாவிலை இருந்து தம்பி வந்து இறங்கினான். சூட்கேசைத் திறந்தால் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவிலை ஒரு கறுத்தப் பெட்டி. வீடியோ கேம் விளையாடுற பெட்டியாம். நாப்பது தாண்டின ஆம்பிளை, மூண்டு பிள்ளையளின்ரை தேப்பன், உந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு எங்கடை புளியங்கூடலுக்கு வாறான் எண்டால் நான் என்னத்தைச் சொல்ல? "வருத்தக்காரனைப் பாக்க வந்தனியோ, விளையாட வந்தனியோ?" எண்டு கேட்டன். "ரெண்டுக்கும்தான் அக்கா" எண்டான். வெக்கம் கெட்டவன்.

இவர் எண்டு நான் சொல்லுறது என்ரை மனிசனை. ஊர்காவற்றுறைத் துறையடியிலை வள்ளம் வைச்சிருந்தவர். பின்னுக்கு எஞ்சின் பூட்டின சின்ன வள்ளம்தான். அனலைதீவுக்குப் போற பெரிய போட்டைத் தவறவிட்ட ஆக்கள், அவசரக்காரர், அங்கையிருந்து ஏத்த வேண்டிய வருத்தக்காரர் எண்டு எல்லாரும் இவரைத்தான் தேடி வருவினம். பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்திட்டுது. கால் மெல்ல மெல்ல வந்தது. பேச்சு வரேல்லை. சோறு தீத்தினால் விழுங்குவார். கூப்பிட்டால் பாப்பார். ஆனால் அந்தப் பார்வை என்னிலை படுகுதோ, எனக்குப் பின்னாலை இருக்கிற சுவரிலை படுகுதோ எண்டு சொல்ல ஏலாது.

"எவ்வளவு விளங்குது எண்டு இப்ப சொல்ல ஏலாது அம்மா, நீங்கள் கதைச்சுக்கொண்டே இருங்கோ" எண்டு டொக்டர் சொன்னவர். எனக்குக் கதைக்கச் சொல்லித் தரவேணுமோ! விடிஞ்சாப் பொழுதுபடுமட்டும் கதைச்சன். கறிக்கு உப்புக் கூடினதையும் கதைச்சன், பக்கத்து வளவு மாடு என்ரை பயித்தங்கொடியைத் திண்டதையும் கதைச்சன். ஆள் உள்ளுக்கை இருக்கிறாரோ இல்லையோ எண்டது மட்டும் தெரியேல்லை. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், அது ஒண்டு தெரிஞ்சால் காணும் எண்டு இருந்தது.

வந்து போற சனம் அதை எப்பவோ தீர்மானிச்சுப்போட்டுது. மனிசன் கதிரையிலை இருக்க, அவற்றை மூஞ்சைக்கு முன்னாலையே "பாவம், ஒண்டும் தெரியாது" எண்டுவினம். சரவணையிலை இருந்து வந்த மச்சாள் ஒருநாள், "வள்ளத்தை ஆருக்கும் குடுத்துவிடன், இனி ஆர் ஓட்டப்போகினம்?" எண்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சீனி போடாமல் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிவிட்டன்.

அடுத்த நாள் மத்தியானம் தம்பி அந்தப் பெட்டியை ரீவியிலை கொழுவினான். பழைய இங்கிலீசுப் படம் ஒண்டை வைச்சுச் செய்த விளையாட்டாம். பாத்தவுடனை எனக்குப் பிடிபட்டுது, நான் பாத்த படம்! கரண்ட் இல்லாத காலத்திலை ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, வளவுக்கை சாக்கு விரிச்சு இருந்து பாத்தது. இங்கிலீசு ஒருத்தருக்கும் விளங்காது. எண்டாலும் கோட்டுப் போட்ட அந்த உளவாளிக்கு என்ன நடக்கப்போகுதோ எண்டு ஊரே நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு இருந்தது. அவன் வள்ளத்தைப் பறிச்சுக்கொண்டு வாய்க்காலுக்குள்ளாலை பாய, பின்னாலை சுட்டுக்கொண்டு வருவாங்கள். இப்ப அந்த வள்ளத்தை நாங்களே ஓட்டலாமாம்.

ஐயோ, அந்தத் தண்ணி! நான் தீவிலை பிறந்தனான், தண்ணியைக் கண்டு வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. ஆனால் ரீவிக்குள்ளை வள்ளத்தின்ரை முன் அணியம் தண்ணியை வெட்டிக்கொண்டு போக ரெண்டு பக்கமும் நுரை விரிஞ்சு போகுது. வெயில் உடைஞ்சு உடைஞ்சு மினுங்குது. பாலத்துக்குக் கீழை போனால் தண்ணி கறுக்குது. ஒரு மனிசன் இருந்து இவ்வளவையும் படமாய்க் கீறினவனோ எண்டு எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. குசினியிலை பருப்பு அடிப்பிடிச்ச மணம் வந்தபிறகுதான் எழும்பினன்.

திரும்பி வரேக்கை தம்பி இவற்றை மடியிலை தலையணையை வைச்சு, அதுக்கு மேலை றிமோட்டை வைச்சிருந்தான். அது றிமோட் இல்லையாம், வேறை பேராம், எனக்கு அது றிமோட்தான். இவற்றை இடக்கை தானாய்ப் போய் அதைப் பிடிச்சுது. பெருவிரல் அதிலை இருக்கிற சின்னக் குமிழுக்கு மேலை ஏறிக் குந்தினது.

"வலக்கையாலை ஒரு பொத்தானை அமத்த வேணும் அக்கா, அதுதான் வேகம். நீ அமத்து."

நான் பக்கத்திலை குந்தியிருந்து அமத்தினன். வள்ளம் சீறிக்கொண்டு போய் மதிலிலை மோதிச்சுது. திரும்ப முதலிலை இருந்து. திரும்ப மதில். வாய்க்கால் இடப்பக்கம் திரும்பினால் இவர் வலப்பக்கம் தள்ளுறார். வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். நான் "விடடா, பழகுவார்" எண்டன். தம்பிக்குக் குரல் இறங்கிப்போச்சு.

"அத்தானுக்கு இடம் வலம் பிடிபடேல்லை அக்கா. ஒவ்வொருக்காலும் மாறித்தான் தள்ளுறார்."

அவனும்தான். அவனும் ஆளுக்கு முன்னாலையே சொல்லிப்போட்டான். அவன் றிமோட்டை வாங்கக் கையை நீட்டினான். ஆனால் ஒவ்வொருக்காலும் எண்டானே, அது என்னை உறுத்திச்சுது. தெரியாதவன் எண்டால் ஒருக்காப் பிழைப்பான், ஒருக்காச் சரிவரும். ஒருக்காலும் தப்பாமல் மாறித் தள்ள ஒருத்தனாலை ஏலுமோ?

ரீவியை விட்டிட்டு அவற்றை கையைப் பாத்தன். விரல் மட்டுமில்லை, முழங்கை போகுது, இடத் தோள் சரியுது. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் நான் வள்ளத்திலை அவரைப் பாத்துக்கொண்டுதான் இருந்து போறனான். அந்த இடக்கையை எனக்குத் தெரியாமல் போகுமோ! பின்னுக்கு இருந்து அந்தக் கையாலை எஞ்சின் பிடியை வலப்பக்கம் தள்ளினால்தான் வள்ளம் இடப்பக்கம் திரும்பும்.

"டேய் விசரா!" எண்டு நான் போட்ட சத்தத்திலை முத்தத்துக் கோழி எல்லாம் பறந்திருக்கும். "அவர் பிழை விடேல்லையடா! உன்ரை பெட்டி கார் ஓட்டுறவன் செய்த பெட்டி. மனிசன் வள்ளமெல்லே ஓட்டுறார்!"

தம்பி அவசர அவசரமாய்ப் பெட்டிக்குள்ளை எங்கையோ போய் இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கிக் குடுத்தான்.

அதுக்குப் பிறகு நடந்ததை எப்பிடிச் சொல்ல? நான் அமத்த, அவர் ஓட்டினார். வாய்க்கால் வளைஞ்ச இடமெல்லாம் வளைஞ்சார். நிக்கிற வள்ளங்களுக்கு நடுவாலை ஒரு உரசல் இல்லாமல் எடுத்தார். வளைவு வர முதலே அவற்றை உடம்பு சரிஞ்சு குடுக்குது. பின்னாலை வந்தவங்கள் ஒருத்தன் மாறி ஒருத்தன் மதிலிலை போய் அடிபட்டாங்கள். நான் ரீவியைப் பாக்கிறதோ மனிசனைப் பாக்கிறதோ எண்டு தெரியாமல், கண்ணாலை தண்ணி ஓட, பொத்தானை விடாமல் இருந்தன். இவ்வளவு நாளும் இவ்வளவும் அந்தத் தலைக்குள்ளை இருந்திருக்கு, கடவுளே!

கடைசியிலை கடலோரம் ஒரு மரப்பாலம் வந்தது. வள்ளத்தை முழு வேகத்திலை அதிலை மோதி, உடைச்சுக்கொண்டு அங்காலை பாயவேணுமாம். படத்திலையும் அப்பிடித்தான். பாலத்திலை குடை பிடிச்ச பொம்பிளையள், சின்னப் பிள்ளையள் எண்டு வேடிக்கை பாக்கிற ஆக்கள்.

"விடாதை அக்கா, அமத்து! அத்தான், நேரை விடுங்கோ!" தம்பி துள்ளுறான்.

இவர் குமிழை விட்டார். அந்த இடக்கையைக் கொண்டுவந்து என்ரை விரலைப் பொத்தானிலை இருந்து தூக்கிவிட்டார். வள்ளம் வேகம் குறைஞ்சு, தண்ணியிலை வழுக்கி, பாலத்துக்குப் பக்கத்திலை மெல்லப் போய் அணைஞ்சுது. பின்னாலை மிஞ்சியிருந்தவங்கள் வந்து சுட்டுத் தள்ள, ரீவி முழுக்கச் சிவந்துபோச்சு. உளவாளியின்ரை கதை முடிஞ்சுது.

"ஐயோ அத்தான்! ஏன் நிப்பாட்டினீங்கள்?"

இவர் தம்பியைத் திரும்பிப் பாத்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துது. தாடை ஆடிச்சுது.

"சனம்" எண்டார். கொஞ்சம் இளைச்சு நிண்டிட்டு, கோவத்தோடை திரும்பவும் சொன்னார். "சனம் நிக்குது."

நான் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டன். தம்பி அவற்றை கதிரைக்கு முன்னாலை வந்து நிலத்திலை குந்தினான்.

"ஓம் அத்தான்" எண்டான், அவரைப் பாத்து. "நான் கவனிக்கேல்லை."