உள்ளங்கையில் மீந்த மொச்சை

ஒரு மொச்சைக்கொட்டை என் உள்ளங்கை வியர்வையில் ஊறிக் கிடந்தது. விரலைப் பிரிக்கப் பயம். பக்கத்தில் நின்ற யார் பார்த்துவிட்டாலும் என் வீட்டுக் கதை வெளியே வந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் மனோதத்துவம் படித்த பெண் ஆராய்ச்சிக்காக அங்கே வந்தார். மேடம் என்றே கூப்பிடுவோம். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, வீட்டுக்காரர் அடிப்பாரா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க" என்றே பதில் வந்தது. எனக்கு எதிர் பெஞ்சில் வேலை செய்த அக்கா மட்டும், "எங்கூட்டுக்காரரு கை நீட்டுனா சோத்துக்குத்தானுங்க மேடம்" என்றார். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்று காலை வாங்கிய அடியில் என் தோள் ரவிக்கைக்குள் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் இப்படி வாய்த்ததா என்று நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

அடுத்த வாரம் மேடம் ஒரு மண்பானையோடு வந்தார். "நாலு பேருக்கு முன்னாடி கேட்டா யாருங்க அக்கா நெசத்தைச் சொல்லுவாங்க? நான் கேட்ட விதமே தப்புங்க" என்றார். ஸ்டோர் ரூம் வாசலில் சேலையைத் திரையாகக் கட்டினார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையும் ஒரு மொச்சையும் கொடுத்தார். திரைக்குப் பின்னால் தனியாகப் போய், அடி வாங்கியிருந்தால் புளியங்கொட்டையை, இல்லையென்றால் மொச்சையைப் பானையில் போட வேண்டும். மீந்ததை யாருக்கும் காட்டக் கூடாது. யார் எதைப் போட்டார்கள் என்பது தனக்கே தெரியாது என்றார். வாய் சொல்லாததை என் கை சொல்லிவிட்டது.

கடைசி ஆளும் வெளியே வந்ததும் மேடம் பானையை மேசைமேல் கவிழ்த்தார். கறுப்பு. எங்கே பார்த்தாலும் கறுப்பு. ஓரமாக இரண்டோ மூன்றோ வெள்ளை. மேடம் பானையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தினமும் ஒரே குழம்பைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். ஒருத்திக்குக்கூட இன்னொருத்தியைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

எதிர் பெஞ்சு அக்கா தன் கையை நீட்டி விரித்தார். அதில் மொச்சை இருந்தது.

"ஐயோ, காட்டாதீங்க அக்கா! ரகசியம்னு சொன்னனுங்களே!" என்று மேடம் பதறினார்.

"ரகசியம் உங்க படிப்புக்கு வேணுமுங்க. எங்களுக்கு எதுக்கு?" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயும் சிரிச்சியே கண்ணு."

என் விரல்கள் தாமாகவே பிரிந்தன.

அடுத்த முறை கன்னம் வீங்கி வேலைக்கு வந்தபோது, வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டு வாசல் வரைக்கும் எல்லோரும் கூடவே வந்தார்கள்.

இப்போதும் நாலு பேர் கூடினால் நான் பேசமாட்டேன். மொச்சை உரிக்கும்போது சில சமயம் ஒரு கொட்டையைக் கைக்குள் வைத்து மூடுவேன். அன்றைய வியர்வை உடனே ஊறிவிடும். யாராவது "அதெல்லாம் இல்லீங்க" என்று சிரித்தால், அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறேன்.